கைலோ அந்துப்பூச்சிகள்: கேள்வி பதில்

கேள்வி: கரும்பு நட்டு ஒன்றரை மாதம் ஆகிறது சார். நடுக்குருத்து காய்ந்து நிற்கிறது. வேரில் கோளாறா?

பதில்: காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்து, அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் இளங்குருத்துப்புழுதான். கைலோ பேரினத்தைச் சேர்ந்த கைலோ இன்ஃபஸ்கடெல்லஸ் என்ற அந்துப்பூச்சியின் புழு அது. தண்டைக் கீறினால் புழு கிடைக்கும். உடலில் ஊதாக் கோடு ஐந்து ஓடும். இப்போதைக்கு லேசாக மண் அணையுங்கள். வெயிலும் வறட்சியும் இதற்குக் கொண்டாட்டம் என்பதால், அடுத்த முறை நட்ட மூன்றாம் நாளே சோகையை (காய்ந்த கரும்பு இலையை) பரப்பிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஏழு மாதக் கரும்பு. கணுக்களில் ஓட்டை, ஓட்டை வாயில் எச்சம். அதே புழுவா?

பதில்: பேரினம் ஒன்று, சிற்றினம் வேறு. இது இடைக்கணுப்புழு, கைலோ சாக்காரிஃபேகஸ் இண்டிகஸ். இதற்குக் கோடு நான்கு. உள்ளே போய்விட்ட புழுவை மருந்து எட்டாது, காசுதான் வீண். முட்டையிலேயே பிடிக்க வேண்டும். டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற பொடிக்குளவி, அந்துப்பூச்சி முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இடும். அந்தக் குளவி முட்டையிட்ட முட்டைகள் ஒட்டிய காகித அட்டைகளை நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை, ஹெக்டேருக்கு 2.5 சிசி (கன சென்டிமீட்டர் முட்டை) வீதம் ஆறு தடவை கட்டுங்கள். அந்தச் சமயத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் குளவியும் சேர்ந்து சாகும், தயவுசெய்து அடிக்காதீர்கள். ஐந்தாம் மாதத்திலும் ஏழாம் மாதத்திலும் சோகை உரிப்பதையும் விடாதீர்கள்.

கேள்வி: நெல் குருத்துப்பூச்சியும் கைலோவா அண்ணா?

பதில்: நம் பக்கம் பெரும்பாலும் இல்லை. அது மஞ்சள் தண்டுத்துளைப்பான், ஸ்கிர்போஃபேகா பேரினம். முட்டைக் குவியலைப் பார்த்தாலே தெரியும்: அதை வெளிர்பழுப்பு மயிர் மூடியிருக்கும். கைலோ முட்டைகளோ மூடாமல், ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்றாகத் தட்டையாக இருக்கும். ஜப்பான், சீனப் பகுதிகளில் நெல்லைத் துளைக்கும் கைலோ சப்ரெசாலிஸ் வேறு.

கேள்வி: சோளத்தில்?

பதில்: கைலோ பார்டெல்லஸ். விரியும் இலையில் வரிசையாகத் துளை தெரிந்தால் குருத்துக்குள் தேடுங்கள். மக்காச்சோளத்தையும் விடாது. ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்கா போய் அங்கே பெரும் தொல்லையானது. 1993-இல் கென்யாவில் இதற்காகவே ஆசியக் குளவியான கோடீசியா ஃபிளாவிப்ஸை விட்டார்கள்.

கேள்வி: விளக்குப்பொறியில் விழும் அந்துப்பூச்சியை வைத்து எந்தச் சிற்றினம் என்று சொல்ல முடியுமா?

பதில்: வைக்கோல் நிறம், அலகு மாதிரி முன்னே நீட்டிய வாயருகு உணர்நீட்சி இருந்தால் கைலோவாக இருக்கலாம். அதற்கு மேல் நுண்ணோக்கி வேண்டும். வயலில் பயிரின் வயதையும் புழுவின் கோட்டையும் பாருங்கள், அது போதும்.