சாப்பிட்டுட்டு கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்தா அந்த ரிப்போர்ட் செல்லுமா?

மறந்து சாப்பிட்டுட்டு லிப்பிட் டெஸ்ட் (கொலஸ்ட்ரால், கொழுப்பு பார்க்குற ரத்த டெஸ்ட்) எடுத்துட்டேன், ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்குற ஒரு வகை கொழுப்பு) 210 வந்திருக்கு, இதை வச்சு ஹார்ட் ரிஸ்க் சொல்ல முடியுமா இல்ல வேஸ்ட்டான்னு கேட்டிருக்கீங்க. வேஸ்ட் இல்லங்க, அந்த பேப்பரை பத்திரமா வைங்க.

நான் டாக்டர் இல்ல, சுகர் இருக்குற அப்பாவை கூட்டிக்கிட்டு லேப் லேப்பா அலையுற பையன். ஒரு தடவை ராத்திரி எட்டு மணிக்கு சாப்பிட்டவரு, மறுநாள் பத்தரை வரைக்கும் க்யூல பச்சத் தண்ணியோட உட்கார்ந்து, கை நடுங்கி வேர்த்துக் கொட்டி, செக் பண்ணா சுகர் 58. பயந்து போயிட்டேன். அப்புறம் டாக்டர் கூலா சொல்றாரு, கொலஸ்ட்ராலுக்கு மட்டும்னா வெறும் வயிறு அவசியமே இல்லையேன்னு. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார்! (ஃபாஸ்டிங் சுகருக்கு மட்டும் பட்டினி கண்டிப்பா வேணும், அதை இதோட குழப்பிக்காதீங்க.)

அப்ப ஏன் எல்லாரும் 12 மணி நேரம் பட்டினி கிடக்க சொன்னாங்கன்னா, நிறைய லேப்ல எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ரால்) நேரடியா அளக்குறது இல்ல, கணக்கு போட்டுத்தான் எழுதுறாங்க. மொத்த கொலஸ்ட்ரால்ல ஹெச்டிஎல்லை (நல்ல கொலஸ்ட்ரால்) கழிச்சு, அதுல ட்ரைகிளிசரைடை அஞ்சால வகுத்து அதையும் கழிக்கணும், 1972ல ஃப்ரீட்வால்டுன்னு ஒருத்தர் குடுத்த ஃபார்முலா. சாப்பிட்டா ட்ரைகிளிசரைடு ஏறும், எல்டிஎல் கொஞ்சம் கம்மியா காட்டும். ஆனா வழக்கமான சாப்பாட்டுக்கு அப்புறம் சராசரியா ட்ரைகிளிசரைடு 26 கிட்ட ஏறுது, எல்டிஎல் 8 கிட்ட இறங்குது, ஹெச்டிஎல் அப்படியே இருக்கு. இதுக்கா இவ்ளோ பாடு? 2009லயே டென்மார்க்ல பட்டினி டெஸ்ட்டை வழக்கத்துல இருந்து எடுத்துட்டாங்க, 2016ல ஐரோப்பிய நிபுணர் குழுவும் அதையே சொல்லிடுச்சு.

எனக்கு ரொம்ப சரின்னு பட்டது என்னன்னா, நாம ஒரு நாள்ல வெறும் வயித்துல இருக்குறதே விடிகாலை கொஞ்ச நேரம்தான், மத்த நேரமெல்லாம் முந்தின சாப்பாட்டுக் கொழுப்பு ரத்தத்துல சுத்திக்கிட்டேதான் இருக்கு. குடல்ல இருந்து கைலோமைக்ரான்னு பெரிய பெரிய கொழுப்பு உருண்டையா வரும், அது ரத்தக்குழாய் சுவருக்குள்ள நுழையாது, சைஸ் அப்படி. வழியில கொழுப்பை இறக்கிட்டு சுருங்கி மிச்சமா நிக்குது பாருங்க, அந்த மிச்சம்தான் உள்ள பூந்து கொலஸ்ட்ராலை படிய வைக்கும். 2007ல கோபன்ஹேகன்ல கிட்டத்தட்ட 14,000 பேரை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பார்த்ததுல, சாப்பிட்ட நிலையில ட்ரைகிளிசரைடு கூட கூட ஹார்ட் அட்டாக்கும் கூடியிருக்கு. அதே வருஷம் வந்த அமெரிக்க பெண்கள் ஆய்வுல, சாப்பிட்டு 2 முதல் 4 மணி நேரத்துல எடுத்த நம்பர்தான் ரிஸ்க்கோட ரொம்ப ஒட்டிப் போச்சு.

இதுக்காக ட்ரைகிளிசரைடை மாத்திரையால இறக்கிட்டா தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. 2022ல பெமாஃபைப்ரேட்டுன்னு ஒரு மாத்திரையை சுகர் உள்ள பத்தாயிரம் பேருக்கு மேல வச்சு சோதிச்சாங்க, நம்பர் நல்லா இறங்குச்சு, ஹார்ட் அட்டாக் குறையல. அதனால ரிப்போர்ட்ல நான் முதல்ல பார்க்குறது நான்-ஹெச்டிஎல், மொத்தத்துல ஹெச்டிஎல்லை கழிச்சா வர்றது, சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் பெருசா மாறாது, அந்த மிச்சமும் அதுக்குள்ளேயே அடங்கிடும்.

உங்க 210க்கு வருவோம். சாப்பிட்ட நிலையில 175 வரைக்கும் ஓகேன்னு வச்சிருக்காங்க, வெறும் வயித்துல 150. நீங்க அதைத் தாண்டிட்டீங்க, ஆனா பதறுற அளவுக்கு இல்ல. 400 தாண்டியிருந்தா கட்டாயம் பட்டினியோட திரும்ப எடுக்கணும், அங்க மேல சொன்ன ஃபார்முலாவே உதவாது, ஆயிரத்தை நெருங்கினா கணைய வீக்கம் வர்ற ஆபத்து வேற இருக்கு. இப்போதைக்கு சில வாரம் விட்டு இன்னொரு தடவை எடுங்க, கூடவே சுகரும் தைராய்டும் பாருங்க, குடிப்பழக்கம் இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, அதுவே ட்ரைகிளிசரைடை ஏத்திவிடும். அப்புறம் டெஸ்ட்டுக்கு முந்தின நாளே உஷாராகி நல்ல பிள்ளையா சாப்பிடாதீங்க, எப்பவும் சாப்பிடுறதையே சாப்பிட்டுட்டு போங்க, எத்தனை மணிக்கு சாப்பிட்டீங்கன்னு மட்டும் ரிப்போர்ட் ஓரத்துல எழுதி வச்சுக்கோங்க.