கணவரை இழந்த பெண்ணோடு பழகுகிறேன், அவருடைய 24 வயது மகன் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. என்ன செய்வது?

அந்த மகனின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். ஊர் மதுரைதான். அம்மாவைப் பார்க்க முதல்முறை வந்தவர் அப்பாவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், அவருக்குத் தெரியாது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஒரு வருடம் அவரோடு பேசவில்லை.

நான் இறங்கி வந்தது எப்போது என்றால், அப்பா திதியன்று. அவர் வரவில்லை, காலையில் வாழை இலைக்கட்டு மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். ஒதுங்கத் தெரிந்த மனிதர் என்று தோன்றியது.

அதனால் வீட்டுக்குப் போவதைக் கொஞ்சம் குறையுங்கள், தெப்பக்குளம் பக்கம் சந்தியுங்கள். அவனுக்கு அப்பாவாக முயலவே வேண்டாம். 24 வயதில் அது யாருக்கு வேண்டும்?

அப்புறம், கோபத்துக்கு அடியில் வீட்டைப் பற்றிய பயமும் இருக்கலாம். அதைப் பேராசை என்று நினைக்காதீர்கள். நீங்கள் மணந்துகொண்டு, அந்த அம்மா உயில் எழுதாமல் காலமானால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் பிள்ளைகளோடு கணவருக்கும் பங்கு உண்டு. வீடு அவர் பெயரில் இருந்தால், மகனுக்கு உயில் எழுதும்படி நீங்களே சொல்லிப் பாருங்கள். அந்தப் பேச்சை அவர் மகனிடம் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.