பள்ளி திறக்கும்போது ஒன்றாம், இரண்டாம் வகுப்பறைக்கு என்ன கருப்பொருள் வைக்கலாம்?

கடலூர்ப் பக்கம் ஒரு மீனவ கிராமத்தில் இந்த இரண்டு வகுப்புக்கும் பாடம் எடுக்கிறேன். பிள்ளை வீட்டிலிருந்து கையில் எடுத்துவரக்கூடியது எதுவோ, அதையே வையுங்கள். எங்களுக்குக் கடல்.

முதல் வருடம் எனக்கு இது தெரியவில்லை. கடையில் வாங்கிய அட்டைகளைச் சுவர் நிறைய ஒட்டினேன். ‘மீ’க்குப் பளபளவென்று ஒரு தங்கமீன். இரண்டு நாளாக வாயே திறக்காத பையன் ஒருவன் அதன் எதிரே போய் நின்று, "இது தொட்டி மீனு டீச்சர்" என்றான். "நம்ம மீனு எப்படி இருக்கும்?" என்று சாக்பீஸைக் கொடுத்தேன். தரையில் குந்தி கெளுத்தி வரைந்தான், மீசையை ஒவ்வொன்றாக இழுத்து. கடைசியில் முதுகில் ஒரு முள் வைத்து, "இது குத்துனா கடுக்கும்" என்றான். அன்று சாயங்காலமே பாதி அட்டைகளைக் கழற்றிவிட்டேன்.

ஜூனில் நாம் பள்ளி திறக்கும் நேரம், ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில் இருக்கும். விசைப்படகுக்குப் போகிறவர்கள் கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். கிழிந்த துண்டு கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். அடியில் கோத்த ஈயக்குண்டுகளை ஒன்று விடாமல் வெட்டி எடுத்துவிடுங்கள். ஈயம் நஞ்சு, இந்த வயசில் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். வலையை அலசி, வாடை போகும்வரை வெயிலில் காயப்போட்டு, பிள்ளைகளின் கண் உயரத்தில் கட்டுங்கள். முதல் நாள் அது காலியாகவே இருக்கட்டும். அவர்கள் வரைய வரைய, துணி மாட்டும் கிளிப்பால் மாட்டிக்கொண்டே போகலாம். உப்புக்காற்றில் பசை போட்ட அட்டை சுருண்டு விழுந்துவிடும், இதற்கு அந்தக் கவலை இல்லை. நெத்திலிக்கு ‘நெ’, சங்கராவுக்கு ‘ச’, வஞ்சிரத்துக்கு ‘வ’. மிதவைகள் எண்ணிப் பழக.

ராட்சத அலை மட்டும் வரையாதீர்கள். 2004 சுனாமியில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் இந்தக் கரையில் இருக்கின்றன. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற ஆயாவும் அந்தச் சுவரைப் பார்ப்பார்.

பண்ருட்டிப் பக்கம் என்றால் ஜூனில் பலாக்கொட்டைக்குப் பஞ்சமே இல்லை. எண்ணலாம், சின்னது பெரியது பிரிக்கலாம். உடைக்காத முந்திரிக்கொட்டையை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். அதன் ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும்.