சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு நுரையீரல் சுருங்கியது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. ஆறடி உயரம், ஒல்லி உடம்பு. போன மாதம் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வலது நெஞ்சு குத்தியது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து இரண்டு நாள் ஓமத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நுரையீரல் சுருங்கிவிட்டது என்று குழாய் போட்டார்கள். கனமான எதையும் தூக்காதவனுக்கு ஏன் இப்படி? மறுபடி வருமா?

பதில்: உங்கள் கவனிப்பில் குறை இருந்ததால் வந்ததல்ல அம்மா, அந்தக் கவலையை விடுங்கள். உயரமாக, ஒல்லியாக இருக்கும் இளைஞர்களில் சிலருக்கு நுரையீரலின் உச்சியில் சின்னச் சின்னக் காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். அதில் ஒன்று உடைந்தால் போதும், காற்று நுரையீரலுக்கு வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கும். நெஞ்சுச் சுவரோடு ஒட்டி விரிந்திருந்த நுரையீரல் பிடி விட்டுச் சுருங்கிவிடும். இதற்குப் பாரம் தூக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான் வருகிறது.

குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலில் மூழ்கியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அவன் இருமும்போது குபுகுபுவென்று குமிழி வந்திருக்கும். அது நெஞ்சுக்குள் மாட்டியிருந்த காற்று. குமிழி நின்று, எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்தது தெரிந்த பிறகுதான் குழாயை எடுப்பார்கள்.

விபத்தில் விலா எலும்பு முறிந்தாலும், காசநோய், நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தாலும் இது வரலாம். நம் ஊரில் காசநோய் அதிகம் என்பதால், அதற்குப் பரிசோதித்தார்களா என்று அவசியம் கேளுங்கள்.

மறுபடி வருமா? ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது, அதுவும் முதல் ஓரிரு வருடத்துக்குள். சிகரெட் அந்த ஆபத்தை நன்றாகவே கூட்டும். திட்டாமல், தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாவது முறை வந்தால், சிறு துளை அறுவை சிகிச்சையில் கொப்புளத்தை அகற்றி, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்ட வைப்பார்கள்.

நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரேயில் உறுதியாகி ஒரு வாரமாவது ஆன பிறகே விமானம் ஏறலாம், அதுவும் டாக்டரிடம் கேட்டுவிட்டு. காற்று சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் மூழ்கும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி மூச்சை இழுக்கும்போது ஒரே பக்கம் சுருக்கென்று குத்தினால் ஓமத் தண்ணீர் வேண்டாம், அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். மூச்சுத்திணறல் கூடினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108. டிஸ்சார்ஜ் சீட்டையும் கடைசி எக்ஸ்ரேயையும் அவன் செல்போனிலேயே படமெடுத்து வையுங்கள். நள்ளிரவில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முன்பு எந்தப் பக்கம் வந்தது என்று டாக்டருக்கு உடனே தெரியும்.