எதிர்க்கடை சிசிடிவியில் பைக் திருட்டு பதிவாகியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ கோர்ட்டில் செல்லுமா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நிறுத்திய பைக் போய்விட்டது, எதிர்த் துணிக்கடைக்காரர் டிவிஆர் (கேமரா பதிவுகளைச் சேமிக்கும் பெட்டி) திரையை மொபைலில் எடுத்து அனுப்பினார் என்கிறீர்கள். ஸ்டேஷனில் காட்ட அது போதும், வழக்கில் நிற்காது.

இன்றே டிவிஆரைக் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். சில கடைகளில் ஒரு வாரம்கூடத் தாங்காது. மின்னணுப் பதிவுக்குக் கோர்ட் கேட்கும் சான்றிதழைப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம், பதிவு போனால் போனதுதான்.

கடைக்காரரையே பேக்கப் மெனுவிலிருந்து காலி பென்டிரைவில் எடுக்கச் சொல்லுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, டிவிஆரின் சொந்த ஃபார்மட்டிலேயே, அதன் பிளேயரோடு. அதற்கு முன் டிவிஆர் காட்டும் நேரமும் மொபைல் நேரமும் ஒரே போட்டோவில் விழட்டும். டிவிஆர் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடுவது சகஜம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பதே அதைத்தான்.

அடுத்தது ஹேஷ் மதிப்பு, அதாவது ஃபைலின் கைரேகை. விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் சர்ட்யூட்டில் (certutil) கட்டளையே ஷா-256 மதிப்பை 64 எழுத்தில் தந்துவிடும். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்புவதால் அந்த மதிப்பு மாறிவிடும். ஃபார்வர்டு வீடியோவை மூலத்தோடு பொருத்திக் காட்ட முடியாதது இதனால்தான்.

அந்தச் சான்றிதழை வக்கீல்கள் இன்னும் பழைய சாட்சியச் சட்டப் பிரிவின் பெயரில் '65பி சர்டிபிகேட்' என்றுதான் சொல்வார்கள். 1.7.2024 முதல் அது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63(4). படிவத்தில் இரண்டு பாகம்: ஏ பாகத்தில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், பி பாகத்தில் நிபுணர். இரண்டிலும் ஹேஷ் மதிப்பு எழுத வேண்டும். ஏ பாகத்தில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது, டிவிஆர் துணிக்கடைக்காரருடையது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அவர் மறுத்தால் கோர்ட் மூலம் கேட்டு வாங்கலாம். அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி சொல்லியிருக்கிறது. மூலக் கருவியையே உரிமையாளர் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்றதும் அதே தீர்ப்புதான். ஆனால் டிவிஆரைக் கொடுத்துவிட்டுக் கடையைக் கேமரா இல்லாமல் நடத்த யார் சம்மதிப்பார்?

போலீஸ் கைப்பற்றினால், மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் ஆவணத்தில்) டிவிஆர் சீரியல் எண் ஏறியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள்.