எக்கோ நார்மல், பிறகு எதற்கு எம்.ஆர்.ஐ.?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. வைரஸ் காய்ச்சல் விட்ட சில நாட்களில் நெஞ்சுவலி வந்தது. இதயத் தசை பாதித்தால் கூடுமாமே, அந்த ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் அதிகம். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. எக்கோவில் இ.எஃப். 60 சதவீதம், நார்மல் என்றார்கள். அப்புறம் ‘ஸ்ட்ரெயின் எக்கோ’ எடுத்தார்கள். அதில் ‘மைனஸ் 14’ என்றிருக்கிறது. இதயத் தசையில் அழற்சி இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்கிறார் டாக்டர். மைனஸைப் பார்த்ததும் பகீரென்கிறது.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: மைனஸுக்குப் பயப்படாதீர்கள் அம்மா. இதயம் சுருங்கும்போது தசையின் நீளம் குறைகிறது, அதற்குத்தான் அந்தக் கழித்தல் குறி. எனக்கு எடுத்தாலும் மைனஸில்தான் வரும். எண்ணைப் பாருங்கள். நல்ல இதயத்தில் அது 20-ஐ ஒட்டி இருக்கும். 14 குறைவுதான்.

அப்படியானால் இ.எஃப். எப்படி நார்மல்? இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற மொத்தக் கணக்கு அது. தேர் வடத்தில் பத்துப் பேர் சும்மா கை வைத்திருந்தாலும் தேர் நகரத்தானே செய்கிறது? யார் இழுக்கவில்லை என்று காட்டுவது ஸ்ட்ரெயின். எக்கோ படத்தில் தசை பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு துடிப்புக்குள் அந்தப் புள்ளிகள் எவ்வளவு நகர்கின்றன என்று கம்ப்யூட்டர் பின்தொடர்ந்து கணக்கிடுகிறது. ரிப்போர்ட்டில் வட்டமாக ஒரு வண்ணப்படம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் அடர் சிவப்பு என்றால் நன்றாகச் சுருங்கும் இடம், வெளிறியிருந்தால் சோர்ந்த இடம். இதயத் தசை அழற்சியில் பெரும்பாலும் பக்கவாட்டுச் சுவர்தான் வெளிறும்.

ஆனால் ஸ்ட்ரெயின் நோயின் பெயரைச் சொல்லாது. நாள்பட்ட ரத்தக்கொதிப்பிலும் இந்த எண் குறையும். தசையில் நீர் கோத்திருக்கிறதா, தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ.தான் காட்டும். அதனால் உங்கள் டாக்டர் சொல்வது சரி, எடுத்துவிடுங்கள். தசையில் துளி எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் கடைசித் தீர்ப்பு என்றாலும், நிலைமை மோசமாகாதவரை அதற்குப் போவதில்லை.

அடுத்த ஸ்ட்ரெயினை முடிந்தவரை அதே மெஷினில் எடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி எண் கொஞ்சம் மாறும், வீணாகக் குழம்புவீர்கள்.

அழற்சி உறுதியானால் கிரிக்கெட், ஜிம் எல்லாம் பொதுவாக 3 முதல் 6 மாதம் கூடாது. இந்த வயதுப் பையன்கள் வலி போனதும் மட்டையைத் தூக்கிவிடுவார்கள், கவனம். மயக்கம், படபடப்பு, மூச்சிரைப்பு வந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதி வரட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.