கும்மி, களி, கோலாட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் அங்கன்வாடி டீச்சர் நான். 4, 5 வயசுப் பிள்ளைகள் 12 பேர். பாதிப் பேர் வீட்டில் தமிழ், மீதிப் பேருக்கு மலையாளம். கும்மி, கேரளப் பெண்கள் விளக்கைச் சுற்றிக் கைதட்டி ஆடும் கைகொட்டிக்களி, கோலாட்டம் மூன்றும் சொல்லித்தர ஆசை. ஆடினால் புத்தி வளரும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: வெறுமனே ஆடினால் வளராது. அடுத்த அடி நினைவிருக்கணும், ஓடப் பார்க்கும் கையை அடக்கணும், விதி மாறினால் தானும் மாறணும். இந்த மூன்றுக்கும் வேலை இருந்தால்தான் பலன். ஆண்டுவிழாவுக்காக ஒரே பாட்டை இரண்டு மாதம் தேய்த்தால், மனப்பாடமானதும் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

முதலில் கும்மி. ஆறாறு பேராக இரண்டு வட்டம் போடுங்கள். முதல் நாள் உட்கார்ந்தபடி 'தகதிமி' சொல்லி, 'த'வில் மட்டும் ஒரு தட்டு. மறுநாள் தட்டில்லாமல் நடை மட்டும். பிறகுதான் இரண்டையும் சேர்க்கணும். எடுத்ததுமே சேர்த்தால் பிள்ளை காலையே பார்த்துக்கொண்டு கையை மறந்துவிடும். நன்றாகப் படிந்ததும், 'இனி தி-யில் மட்டும் தட்டணும்' என்று மாற்றுங்கள். கை பழக்கத்தில் 'த'வுக்கே போகும், பாதியில் நிற்கும், சிரிப்பு வரும். நமக்கு வேண்டியது அந்தத் தடுமாற்றம்தான், அதட்டிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் கைகொட்டிக்களி. நடுவில் விளக்கு வையுங்கள், ஏற்ற வேண்டாம். மலையாளப் பிள்ளைகள் முன்னே ஆடட்டும். ஆடி முடித்ததும், 'கும்மிக்கும் இதுக்கும் எது ஒண்ணு, எது வேற?' என்று கேளுங்கள். மூன்றாம் வாரம் ஆட்டத்தின் நடுவே 'கும்மி!', 'களி!' என்று மாற்றி மாற்றிக் கூப்பிடலாம். பத்து நிமிஷம் போதும், அதற்குமேல் கூத்துதான்.

கோலாட்டம் கடைசியில். மரக்கோல் வேண்டாம், விரலில் படும். செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி ஓரடி நீளத்தில் டேப் ஒட்டுங்கள். வட்டத்தில் எல்லாரும் வலப்பக்கம் திரும்பினால் முன்னால் முதுகுதான் இருக்கும், தட்ட கோல் இருக்காது. அதனால் இருவர் இருவராக எதிரெதிரே நிறுத்துங்கள்: தன் கோலில் இரண்டு தட்டு, எதிராளி கோலில் ஒன்று, அடுத்து ஒன்று சும்மா.

கேள்வி: ஆந்திராவில் நகரி ஊரில் இருக்கிறோம். மகளுக்கு 5 வயசு. கோலாட்டம் சொல்லித்தருகிறவர் வலக்கை தூக்கினால் இவள் இடக்கை தூக்குகிறாள். மந்தமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மந்தமில்லை அம்மா. கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவள் சரியாகத்தான் செய்கிறாள். தன் இடம் வலமே ஆறேழு வயசில்தான் நிலைக்கும், எதிரே நிற்பவருடையது அதற்கும் பிறகு. சொல்லித்தருகிறவரை முதுகு காட்டி ஆடச் சொல்லுங்கள். இவள் வலக்கையில் ஒரு சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள்.